சக்கரத்தின் குடத்துள்ளே

பல்லடம் வட்டாரத்தில் இயந்திரம் என்பது ஆலையின் மதிலுக்குள் மட்டும் வாழும் பொருளன்று. வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி. கிணற்று மேட்டில் மின்மோட்டார். வாசலில் மோட்டார் சைக்கிள். இவை மூன்றும் உருவத்தாலும் தொழிலாலும் வேறுபட்டவை. எனினும் மூன்றினுள்ளும் சுழல்வதைத் தாங்கி நிற்கும் உறுப்பு ஒன்றே. தறிக்காரரும் உழவரும் மெக்கானிக்கும் அதனைப் 'பேரிங்' என ஒரே பெயரால் அழைக்கின்றனர். கலைச்சொல் ஆக்கிய அறிஞர்கள் அதற்குத் 'தாங்கி' எனப் பெயரிட்டனர். பொருத்தமான சொல்லே. ஆனால் கடைக்குச் சென்று 'தாங்கி ஒன்று தருக' என்று கேட்டால், திகைத்து நிற்கும் கடைக்காரரைத்தான் நாம் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்! ஆதலின் இக்கட்டுரையில் பட்டறை வழக்கையே பெரிதும் கைக்கொள்கிறோம்.

கொங்கு நாட்டு இளைஞரிடையே பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. பாட்டனார் ஓட்டிய புல்லட், தந்தையார் ஓட்டிய யெஸ்டி, கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்த ராஜ்தூத் ஆகியவை மீண்டும் வெயிலுக்கு வருகின்றன. பெட்ரோல் தொட்டிக்குப் புதுவண்ணம், புகைக்குழாய்க்குக் குரோம் முலாம், இருக்கைக்குப் புதுத் தோலுறை எனச் செலவு தாராளமாகவே செய்யப்படுகிறது. காண்போர் வியக்கின்றனர். ஆனால் அந்த வண்டியின் மேல் அமர்வோரின் உயிரை ஏந்திச் செல்வது வண்ணமும் முலாமும் அல்ல. சக்கரத்தின் நடுவே எவர் கண்ணுக்கும் படாமல் மறைந்திருக்கும் இரண்டு மூன்று எஃகு வளையங்களே. அவற்றைக் கழற்றிப் பாராமலேயே 'புதுப்பித்தாயிற்று' என்று சொல்லப்படும் வண்டிகள் பல. இக்குறை எங்ஙனம் நேர்கிறது, அதனைத் தீர்க்கும் முறை யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

முதற்கண் சக்கரத்தின் தமிழ்ப் பெயர்களை நினைவுகூர்தல் தகும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதி குடம். அதிலிருந்து விரிபவை ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்ந்த மரவளையம் வட்டை. வட்டையின் மேல் இரும்புப் பட்டா. இரு சக்கரங்களையும் இணைக்கும் இரும்புத் தண்டு இருசு. சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது கடையாணி. மோட்டார் சைக்கிளின் 'ஹப்' நம் குடமே. 'ஸ்போக்' நம் ஆரக்காலே. 'ஆக்ஸில்' நம் இருசே. அச்சாணியைப் பெரியதொரு உவமையாக வள்ளுவர் எடுத்தாண்டமை மாணவர் அறிந்ததே. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒளவையார் அதியமானின் மகனுக்குக் கூறும் உவமை அத்துணை அறியப்படவில்லை. நெடுவழி செல்லும் உப்பு வணிகர், மேடும் பள்ளமும் யாதாகுமோ என எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவர். அதனைச் 'சேம அச்சு' என்கிறது அப்பாட்டு. நடுவழியில் அச்சு முறிந்தால் நேரும் கேட்டை அன்றே உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். மோட்டார் சைக்கிளில் சேம அச்சைக் கட்டிச் செல்ல வழியில்லை. ஆகவே உள்ளதைச் செம்மையாக வைத்துக்கொள்ளுதல் ஒன்றே வழி.

மாட்டு வண்டியில் இருசும் குடமும் ஒன்றோடொன்று உரசியே சுழலும். உரசல் உள்ள இடத்தில் சூடும் தேய்மானமும் உண்டு. மசகு இட்டு அதனைக் குறைக்கலாம், ஒழிக்க இயலாது. உரசுவதற்குப் பதிலாக உருளச் செய்தால் என்ன என்னும் எண்ணமே பேரிங்கின் தோற்றுவாய். 1794ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கார்மார்தனைச் சேர்ந்த இரும்புத் தொழிலர் பிலிப் வாகன் என்பார், வண்டி அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையே பள்ளம் வெட்டி, அதில் குண்டுகளை உருளவிடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1869இல் பாரிசில் ஜூல் சூரிரே என்பவர் மிதிவண்டிக்கு அதனைப் பொருத்தினார். அதே ஆண்டு பாரிசிலிருந்து ரூவான் வரை நடந்த மிதிவண்டிப் போட்டியில் ஜேம்ஸ் மூர் வென்றது அத்தகைய வண்டியிலேயே. ஆயினும் ஒரு தடை இருந்தது. குண்டுகளுள் ஒன்று மற்றவற்றைவிடத் தலைமுடியளவு பெருத்திருந்தாலும் சுமை முழுவதையும் அது ஒன்றே சுமந்து முதலில் உடையும். எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவில் அரைத்தெடுக்கும் பொறியை 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர் அமைத்த பின்னரே பேரிங் தொழில் உலகெங்கும் வேரூன்றியது.

இவ்வரலாற்றில் நம் பகுதியினர் உவந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் ஒரு துணி ஆலையில் பராமரிப்புப் பொறியாளராய்ப் பணியாற்றியவர் ஸ்வென் விங்க்விஸ்ட். அவ்வாலை களிமண் நிலத்தின் மேல் எழுந்தது. நிலம் தணியத் தணிய, ஆலையின் நீண்ட சுழல்தண்டுகள் நேர்கோட்டினின்று பிறழ்ந்தன. பேரிங்குகள் அடுத்தடுத்துக் கெட்டன. தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தானே சாய்ந்து இசைந்துகொடுக்கும் பேரிங்கை அவர் 1907இல் உருவாக்கினார். அவ்வாண்டே எஸ்.கே.எஃப். நிறுவனம் பிறந்தது. உலகப் பெரும் பேரிங் நிறுவனம் ஒன்று பிறந்தது ஒரு நெசவாலையின் தொல்லையிலிருந்து என்பதைத் தறியோசையிடையே வாழும் நாம் மறக்கலாகாது. நம் நாட்டில் 1946இல் ஜெய்ப்பூரில் நேஷனல் என்ஜினீயரிங் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பெற்றது.

மோட்டார் சைக்கிளின் பக்கமும் இத்தகைய உறவு ஒன்று உள்ளது. ராயல் என்ஃபீல்டு பிறந்த ரெடிச் நகரம் ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அந்நிறுவனத்தின் மூலவேரான ஜார்ஜ் டவுன்சென்ட் நிறுவனமும் ஊசி செய்த நிறுவனமே. ஊசியிலிருந்து மிதிவண்டி, மிதிவண்டியிலிருந்து மோட்டார் சைக்கிள் என வளர்ந்தது அது. 'புல்லட்' என்னும் பெயர் 1932இல் இடப்பட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூடி 'என்ஃபீல்டு இந்தியா' அமைந்து, சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தாயகமான இங்கிலாந்தில் 1970உடன் உற்பத்தி நின்றுபோக, திருவொற்றியூர் வண்டியோ நின்றபாடில்லை. பின்னலாடை நகரமாம் திருப்பூரின் சாலைகளில், ஊசி நகரத்தில் கருவான வண்டி இன்றும் ஓடுகிறது.

எண்ணின் பொருள்

பேரிங்கின் அமைப்பு எளியது. உள் வளையம் ஒன்று, வெளி வளையம் ஒன்று, இடையே குண்டுகள், குண்டுகள் ஒன்றையொன்று முட்டாமல் பிரித்து வைக்கும் கூடு. சக்கரத்தில் வெளி வளையம் குடத்தின் துளைக்குள் இறுக்கமாக அமர்ந்து சக்கரத்தோடு சுழலும். உள் வளையம் இருசின் மேல் அசையாது நிற்கும். விசைத்தறியிலும் மோட்டாரிலும் நிலைமை நேர்மாறானது. அங்கே தண்டோடு உள் வளையம் சுழலும். வெளி வளையம் நிற்கும். எந்த வளையம் சுழல்கிறதோ அதுவே இறுக்கமாக அமர வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. தறி ஃபிட்டராக இருந்து வண்டிப் பட்டறைக்கு வருவோர் இந்த மாற்றத்தை முதலில் உணர்ந்துகொண்டால், எஞ்சியவற்றில் அவர்களை விஞ்ச எவருமில்லை.

வளையத்தின் விளிம்பில் பொறித்துள்ள எண் வெறும் அடையாளமன்று. அது அளவையே சொல்லும் மொழி. 6203 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் நிற்கும் 6 ஒற்றை வரிசைக் குண்டுப் பேரிங் என்பதைக் குறிக்கும். 2 அதன் பருமன் வரிசை. கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையின் அளவு. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்: 04 என்றால் 20, 05 என்றால் 25. ஆகவே 6203இன் உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்நாட்டில் எந்நிறுவனம் செய்தாலும் இவ்வளவு மாறாது. அதனால்தான் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கும் இன்று பேரிங் கிடைக்கிறது. மைசூரில் யெஸ்டி வண்டி செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் சக்கரங்களோ அநாதையாகவில்லை. கிணற்று மோட்டாருக்குப் பேரிங் விற்கும் பல்லடத்துக் கடையில் எண்ணைச் சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள். பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில் மட்டும் அங்குல அளவுப் பேரிங்குகள் உண்டு. அவற்றுக்குச் சற்று அலைய நேரும். கண்ணளவில் ஒத்திருக்கிறதே என்று மில்லிமீட்டர்ப் பேரிங்கை அங்குலத் துளையில் திணிப்பது தவறு.

எண்ணுக்குப் பின்வரும் எழுத்துகளுக்கும் பொருளுண்டு. இரு பக்கமும் தகட்டு மூடி, இரு பக்கமும் ரப்பர் மூடி, மூடியே அற்ற திறந்த வகை என மூவகை உண்டு. பழைய வண்டிகளில் திறந்த வகையும் கம்பளி நமுட்டு அடைப்பானுமே இருந்தன. அசல் மாறக்கூடாது என்போர் அதனையே நாடுவர். நம் கருத்து வேறு. மழையும் புழுதியும் உள்ள சாலையில் ஓடப்போகும் வண்டிக்கு ரப்பர் மூடியிட்ட வகையே நலம். அளவு ஒன்றே, வெளித்தோற்றத்திலும் வேறுபாடில்லை. பழைமையைக் காக்கிறோம் என்று நீர் புகும் வழியையும் சேர்த்துக் காக்க வேண்டியதில்லை.

கெடுவது எவ்வாறு?

பேரிங் ஓடித்தான் கெடும் என்று எண்ணுகிறோம். பழைய வண்டிகளிலோ அது நின்றே கெட்டிருக்கும். பத்தாண்டு ஒரே இடத்தில் நின்ற வண்டியின் குண்டுகள், வளையத்தின் ஒரே புள்ளிகளை அழுத்திக்கொண்டே இருந்திருக்கும். இடையில் புகுந்த ஈரம் அந்தப் புள்ளிகளில் துரு ஏற்றும். கிரீஸ் வற்றி அரக்குப்போல் ஆகும். தறிக் கொட்டகையில் நிறுத்தப்பட்ட வண்டியானால் இன்னொன்றும் சேரும். காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகள் ஒவ்வொரு இடுக்கிலும் படிந்து, கிரீசிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு நமுட்டுப்போல் இறுகிக் கிடக்கும். பல்லடத்துக் கொட்டகைகளிலிருந்து வெளிவந்த சக்கரங்களில் இதனை நாம் கண்டிருக்கிறோம். தறிகளின் இடைவிடா அதிர்வும் நின்ற குண்டுகளை அதே இடத்தில் தட்டித் தட்டிக் குழி விழச் செய்யும்.

புதுப்பிக்கும்போதே கெடுவது மற்றொரு வகை. மட்கார்டு தாங்கிக்கு வெல்டிங் வைக்கும்போது எர்த் கம்பியை வேறொரு மூலையில் கவ்விவிட்டால், மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய நேரும். குண்டுகளும் வளையமும் தொடும் இடத்தில் நுண்ணிய பொறி பறந்து குழிகள் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. மணற்பீச்சு செய்யும்போது பேரிங் உள்ளேயே இருந்தால் மணல் புகும். பவுடர் கோட்டிங் அடுப்பின் வெப்பம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் சாதாரண லித்தியம் கிரீஸ் உருகி ஒழுகும். ரப்பர் மூடி கருகும். ஆதலின் வரிசை இன்றியமையாதது. கழற்றுவதில் பேரிங் முதலில். பூட்டுவதில் அது மணலும் அடுப்பும் முலாமும் முடிந்த பின்னர்.

சுமையின் கணக்கையும் இங்கே சொல்லிவிடுதல் நன்று. குண்டுப் பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதம் என்று 1947இல் லுண்ட்பர்க், பால்ம்கிரென் என்னும் ஸ்வீடன் அறிஞர் இருவர் நிறுவினர். சுமை இருமடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிறது. நூல் கோன் மூட்டைகளையும் பனியன் கட்டுகளையும் இருக்கைக்குப் பின்னே ஆளுயரம் அடுக்கிச் செல்லும் வண்டிகளைத் திருப்பூர்ச் சாலையில் நாள்தோறும் காண்கிறோம். அவ்வண்டிகளின் பின்சக்கரப் பேரிங் ஏன் அடிக்கடி போகிறது என வினவுவோர்க்கு விடை இக்கணக்கில் உள்ளது.

கெட்டதை அறிவது கடினமன்று. நடு ஸ்டாண்டிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பற்றிப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். 'டக்டக்' என ஆட்டம் தெரிந்தால் ஐயம் கொள்க. ஆனால் பின்சக்கரத்தில் சக்கரத்தோடு கவையும் சேர்ந்து ஆடினால் குற்றம் கவையின் புஷ்ஷில். முன்சக்கரத்தில் ஃபோர்க் முழுவதும் ஆடினால் குற்றம் ஹேண்டில் தண்டின் கிண்ணங்களில். சக்கரத்தைக் கழற்றியபின் உள் வளையத்தினுள் விரலை விட்டுச் சுழற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை. வெண்ணெய்போல் வழுக்க வேண்டும். கல் அரிசியை மெல்வதுபோல் கரகரத்தால் ஐயத்துக்கு இடமில்லை. விரலின் தீர்ப்பே முடிவு.

கழற்றலும் பூட்டலும்

இருசை உருவியபின் தூசு மூடி, ஆயில் சீல், இருப்பின் சர்க்கிளிப் ஆகியவற்றை நீக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் பேரிங்கைப் பிடித்து வைப்பது திருகு வளையம். ஒரு பக்கம் வலப்புரி, மறுபக்கம் இடப்புரி என்றிருப்பதும் உண்டு. திறக்கவில்லையே என்று வலிமையைக் காட்டுமுன் புரி எத்திசை என்று பார்த்தல் வேண்டும். குடத்தின் உள்ளே இரு பேரிங்குகளுக்கு நடுவில் ஒரு குழாய் இருக்கும். பட்டறையில் அதனை 'ஸ்பேசர்' என்பர். அதைச் சற்றே ஒருபுறம் ஒதுக்கி, மறுபக்கத்திலிருந்து நீண்ட கம்பியால் உள் வளையத்தின் விளிம்பில் சுற்றிச் சுற்றி மாறிமாறித் தட்டினால் பேரிங் வெளிவரும். ஒரே பக்கம் தட்டினால் அது கோணிக்கொண்டு குடத்தையும் கீறும்.

அலுமினியக் குடமானால் சூடேற்றுதல் பெருந்துணை. எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் இயல்பு அலுமினியத்துக்கு உண்டு. 40 மில்லிமீட்டர்த் துளை, வெப்பம் 80 டிகிரி உயரும்போது ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் விரிகிறது. பேரிங்கைப் பிடித்திருக்கும் இறுக்கமோ அதனினும் குறைந்தது. கொதிநீரை ஊற்றியே இவ்வேலையை முடிக்கலாம். வெல்டிங் சுடரை ஒரே இடத்தில் காட்டினால் குடம் கோணும். இரும்புக் குடத்தில் இந்த நன்மை குறைவு. அங்கே பொறுமையே கருவி.

இவ்வாறு தட்டி எடுத்த பேரிங் நன்றாக இருப்பதாய்த் தோன்றினும் மீண்டும் இடலாகாது. உள் வளையத்தில் விழுந்த அடி குண்டுகளின் வழியாகவே வெளி வளையத்துக்குச் சென்றிருக்கும். குண்டு தொடும் இடம் ஒரு புள்ளி, அடியின் முழு விசையும் அப்புள்ளியில் இறங்கும், குழி விழும். எஃகுக் குண்டைப் பொருளின்மேல் அழுத்தி, விழும் குழியைக் கொண்டே கடினத்தை அளக்கும் முறையை 1900இல் பிரினெல் என்னும் ஸ்வீடன் பொறியாளர் வகுத்தார். அவர் அளப்பதற்காகச் செய்ததைச் சுத்தியலால் நாம் அறியாமலே செய்துவிடுகிறோம்.

புதியதைப் பூட்டும்போதும் விதி அதுவே: குடத்தில் இறக்கும்போது விசை வெளி வளையத்தில் மட்டுமே படவேண்டும். உள் வளையத்தில் ஓர் அடியும் கூடாது. கழற்றிய பழைய பேரிங்கின் வெளி வளையத்தையோ, அதே விட்டமுள்ள சாக்கெட்டையோ மேலே வைத்துத் தட்டலாம். புதிய பேரிங்கை முந்தைய இரவே குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, குடத்தைச் சூடாக்கி இட்டால் பெரும்பாலும் சுத்தியலுக்கே வேலை இராது. உள்ளே அமரும்போது ஓசை மாறும். 'டண்டண்' என்றிருந்தது 'டொக்' என்று முடியும். தேர்ந்த ஃபிட்டர் அவ்வோசையைக் கேட்டதும் கையை நிறுத்திவிடுவார்.

துளையே தேய்ந்திருந்தால் என் செய்வது? வெளி வளையம் குடத்தினுள் வழுக்கிச் சுழன்றிருந்தால் துளையின் சுவர் கண்ணாடிபோல் மின்னும். புதிய பேரிங் கையாலேயே உள்ளே போய்விடும். அங்குமிங்கும் பஞ்சால் பொட்டுக் குத்தியும், தகரத் துண்டைச் சுற்றியும் இறுக்கம் காட்டுவது பலரது வழக்கம். கடையிலிருந்து வீடுவரை அது தாங்கும். திருச்சிச் சாலையில் வேகமெடுக்கும்போது தாங்கும் எனச் சொல்ல நாம் துணியோம். லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிச் சிலீவ் இட்டுச் சரியளவுக்குக் கடைந்து வாங்குவதே முறை. லேத் இல்லாத தெரு காண்பதரிது என்னும் இவ்வட்டாரத்தில் இதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

இனி ஸ்பேசர். இவ்வேலையில் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது இதுவே; மிகுதியான கேடு விளைவதும் இதனாலேயே. இரு உள் வளையங்களுக்கும் நடுவே நின்று, இருசின் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அவை ஒன்றையொன்று நெருங்காமல் தடுப்பது அக்குழாயின் பணி. தேய்ந்தோ மழுங்கியோ அது அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தால், நட்டை முறுக்கும்போது இரு உள் வளையங்களும் உள்நோக்கி இழுக்கப்படும். குண்டுகள் நேர்ச்சுமையோடு பக்கவாட்டு நெருக்கலையும் தாங்க நேரும். சக்கரம் கையால் சுற்றும்போது சுற்றும், ஓடும்போது சூடேறும், சில நூறு கிலோமீட்டரில் புதிய பேரிங் உடையும். 'கம்பெனி சரக்கே இப்படி' எனப் பேரிங்கின்மேல் பழி விழும். பூட்டும் அவசரத்தில் ஸ்பேசரையே உள்ளே இட மறந்து மூடிவிடுவாரும் உளர். அந்நிலையில் நட்டை இறுக்கினால் சக்கரம் சுழலாது, தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடி நட்டை நிறுத்தி அனுப்பிவிடுவது, வண்டியின் மேல் ஏறுவோர்க்குச் செய்யும் துரோகம் என்றே நாம் கருதுகிறோம். பின்னிருக்கையில் குழந்தையோடு அமரும் தாய்க்கு ஸ்பேசர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உடைந்த பேரிங் நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் ஓட்டுபவர் எவ்வளவு வல்லவராயினும் பயனில்லை.

முறை இதுதான். ஒரு பக்கப் பேரிங்கைக் குடத்தின் படியில் முட்டும்வரை முழுவதும் இறக்க வேண்டும். பிறகு ஸ்பேசரை இட வேண்டும். மறுபக்கப் பேரிங்கை அதன் உள் வளையம் ஸ்பேசரைத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி நிறுத்த வேண்டும். இரண்டாவதையும் படிவரை அறைந்து இறக்கினால், ஸ்பேசர் உள் வளையத்தைத் தடுக்க, வெளி வளையம் மேலும் போக, குண்டுகள் நடுவில் நசுங்கும். இருசை இட்டு நட்டை முழுதும் இறுக்கிய பின்னும் சக்கரம் முன்போலவே தடையின்றிச் சுழன்றால் ஸ்பேசரின் நீளம் சரி. திறந்தவகைப் பேரிங்கானால் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிரீஸ் திணிக்க வேண்டா. மிகுந்தால் அதுவே கடைந்து சூடேற்றும். பழைய கிரீசின் மேல் வேறுவகைக் கிரீசைச் சேர்ப்பதும் ஆகாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் நீர்த்து ஒழுகும்.

போலிச் சரக்கைப் பற்றி ஒரு சொல். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியில், தரமற்றதோ பழையதை மெருகேற்றியதோ இட்டு விற்பது உலகெங்கும் உள்ள தொல்லை. எழுத்துப் பொறிப்பு மங்கலாய் இருத்தல், வளையத்தில் அரைத்த கீறல், நம்ப முடியாத மலிவு விலை ஆகியவை எச்சரிக்கைகள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பற்றுச்சீட்டுடன் வாங்குதலே காப்பு. தொட்டிக்கு வண்ணம் பூசச் செலவிட்டதில் ஒரு சிறு பகுதிதான் நல்ல பேரிங்குகளின் விலை.

அசலைக் கெடுத்ததாகுமோ என அஞ்சுவோர்க்கு ஒரு விளக்கம். 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவுசெய்ய 2021இல் நடுவண் அரசு விதிகளை வகுத்தது. 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் தரப்படும். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியமைத்தல் கூடாது என்பதே அதன் நிபந்தனை. தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே அமைந்த உறுப்பு பேரிங். அதே அளவில் புதியதை இடுவது இந்நிபந்தனைக்கு மாறானதன்று. அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது என்பதையும், அணிவகுப்பு, காட்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே அது சாலைக்கு வரலாம் என்பதையும் பதிவுக்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை முதல் நாள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, குடத்தின் இரு பக்கத்தையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் டிரம் உள்ள பக்கம் சூடாயிருத்தல் இயல்பே. பிரேக் இல்லாத பக்கம் கைபொறுக்கும் வெதுவெதுப்போடு இருக்க வேண்டும். கை பொறாத சூடு எனில் ஸ்பேசரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் கழிந்தபின் இருசின் நட்டை மறுபடி இறுக்கிச் சரிபார்த்து, சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டால் போதும். பிறகு பல்லாண்டுக்கு அதனை நினைக்கவே வேண்டியதில்லை.